துருப்பிடித்த எம்.எக்ஸ்-5இல் இருந்து எக்ஸோசெட்: பிரித்ததும் பூட்டியதும்

கிட் கார், அதாவது பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் கார், என்றதும் வெல்டிங், ஃபைபர் பாடி, பெயின்ட் என்றுதான் நினைப்பு ஓடும். எக்ஸோசெட் என்ற, குழாய்ச் சட்டம் வெளியே தெரியும் கிட் வகையில் இந்த மூன்றுமே கிட்டத்தட்ட இல்லை. டியூப் சேசிஸ் வெல்டிங் முடிந்து, பவுடர் கோட்டிங் போட்டே வந்து இறங்குகிறது. வேலை முழுக்க டோனர் வண்டியில்தான், அதாவது பாகங்களைக் கழற்றி எடுக்கும் பழைய வண்டியில். அதை ஒழுங்காகப் பிரித்தால் பாதி கார் கட்டியாகிவிட்டது. அவசரப்பட்டுப் பிரித்தால் அந்த அவசரம் ஒவ்வொரு கட்டத்திலும் திரும்ப வந்து நிற்கும்.

டோனர், மஸ்தா எம்.எக்ஸ்-5. முதல் தலைமுறை 1989 முதல் 1997 வரை, இரண்டாவது 1998 முதல் 2005 வரை. இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், முன் பின் சப்ஃபிரேம்கள் (சஸ்பென்ஷனைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள்), சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங், வயரிங், பெட்ரோல் டேங்க் எல்லாம் அதிலிருந்து வரும். தகரக்கூடு மட்டும் காயலான் கடைக்குப் போகும். ஆயிரம் கிலோவை ஒட்டிய வண்டி, கட்டி முடித்ததும் 600 முதல் 700 கிலோவுக்குள் நிற்கும்.

இந்த வேலைக்கு இந்த வண்டியே வாகாக அமைந்ததற்குக் காரணம், கியர்பாக்ஸின் வாலையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீளமான அலுமினிய உத்தரம். பவர் பிளான்ட் ஃபிரேம் என்பார்கள். கியர்பாக்ஸுக்குப் பின்பக்க மவுன்டிங் கிடையாது, அந்த உத்தரம்தான் தாங்குகிறது. அதனால் கூட்டைத் தூக்கிவிட்டால் இன்ஜினில் இருந்து பின்சக்கரம் வரை ஒரே கோவையாகக் கீழே நிற்கும். புதுச் சேசிஸை அதன்மேல் இறக்கிப் பூட்ட வேண்டியதுதான். அந்த உத்தரத்தை அவிழ்த்தால் கியர்பாக்ஸ் வால் தொங்கி, இன்ஜின் பின்னால் சாய்ந்து, முதல் தலைமுறையில் ஹெட்டின் பின்புறம் இருக்கும் கேம் ஆங்கிள் சென்சார் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) இடிக்கும். அவிழ்த்தே தீர வேண்டுமென்றால் முதலில் கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி.

டோனர் தேர்வு. சில் பகுதியும் (கதவுக்கு அடியில் உள்ள விளிம்பு) பின்சக்கர வளைவும் அரித்துப்போன வண்டியாகப் பாருங்கள். அந்தத் துரு உங்களுக்கு வேண்டாத கூட்டில் இருக்கிறது, விலையை மட்டும் இறக்கும். சப்ஃபிரேமும் சஸ்பென்ஷன் ஆர்ம்களும் பொருக்குவிட்டிருந்தால் தொடாதீர்கள். 1.6 இன்ஜின், அதுவும் 1991 தொடக்கம் வரை வந்தது என்றால் கிராங்க் புல்லியின் நடுவில் எட்டிப் பாருங்கள். நான்கு வெட்டுகள் தெரிந்தால் அது குட்டை மூக்குக் கிராங்க். புல்லியைப் பிடித்து நிறுத்தும் சாவிக்குழி தேய்ந்து புல்லி ஆடத் தொடங்கும் நோய் அதற்கு உண்டு. எட்டு வெட்டு இருந்தால் கவலை இல்லை. 1.6இன் டிஃபரன்ஷியல் 6 அங்குலம், 1.8இல் இருப்பது 7 அங்குலம். பின்னால் பவர் ஏற்றும் எண்ணம் இருந்தால் 1.8 டோனரே வாங்குங்கள்.

பேப்பர் விஷயத்தை இங்கேயே முடிக்க வேண்டும். பிரிட்டனில் கிட் தயாரிப்பாளரின் புதுச் சேசிஸோடு, ஒரே டோனரில் இருந்து இரண்டு முக்கியப் பாகங்களாவது வந்தால்தான் டோனரின் வயதுக்கேற்ற நம்பர் கிடைக்கும், இல்லையென்றால் க்யூ பிளேட், அதாவது வயது உறுதியாகாத வண்டிக்குத் தரும் நம்பர். ஆகவே டோனரின் வி5சி பதிவுப் பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள். கூட்டைக் கொடுக்கும்போது முழு வண்டியும் அழிக்கப்பட்டதாக யாரும் பதிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிப்பது தொடங்கிப் போட்டோவும் ரசீதும் தேதிவாரியாகச் சேரட்டும். கட்டிய வண்டியைப் பதிய வி627/1 படிவம் நிரப்பும்போது இவைதான் சாட்சி. (ஊரில் இருந்து கேட்பவர்களுக்கு: இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றத் தடை போடுகிறது. அங்கே இப்படிக் கட்டி ரோட்டில் ஓட்டலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.)

பிரிப்பு

முதல் வேலை, வண்டியை அப்படியே ஒருநாள் ஓட்டிப் பார்ப்பது. லைட், ஹார்ன், டெம்பரேச்சர், ஐட்லிங், கியர் விழுவது எல்லாம் எழுதி வையுங்கள். ஓடாத வண்டியைப் பிரித்துக் கட்டினால், பின்னால் வரும் கோளாறு பழசா புதுசா என்றே தெரியாது. அடுத்து, இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போதே ஃப்யூவல் பம்ப் ரிலேவைப் பிடுங்குங்கள். லைனில் உள்ள அழுத்தம் தீர்ந்து தானே அணையும். பிறகு பேட்டரி. அது பின் டிக்கியில் இருக்கும், வாயு வெளியேறும் குழாய்களோடு சேர்த்துக் கழற்றி வையுங்கள்.

ஸ்பானர் 10, 12, 14, 17, 19. ஜப்பான் வண்டி, 13 பெட்டியிலேயே தூங்கும். ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டும் தனி ஜிப் பையில், வெளியே மார்க்கரில் எங்கிருந்து வந்தது என்று எழுதி. முடிந்த இடத்தில் போல்ட்டை அதன் துளையிலேயே விரலால் திருகி விடுவது இன்னும் மேல்.

கூட்டைத் தூக்குமுன் கழற்ற வேண்டியவை: பிரேக் பைப்புகள், கிளட்ச் பைப், ஹேண்ட்பிரேக் கேபிள், பெட்ரோல் லைன்கள், ரேடியேட்டர் மற்றும் ஹீட்டர் ஹோஸ்கள், ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் லீவர், சைலன்சர், ஷாக் அப்சார்பரின் மேல் நட்டுகள், கடைசியாக சப்ஃபிரேம் போல்ட்டுகள். மறந்துபோகிறவை எப்போதும் மூன்று: இன்ஜினுக்கும் கூட்டுக்கும் இடையே உள்ள எர்த் பட்டை, முதல் தலைமுறையின் ஸ்பீடோமீட்டர் கேபிள், ஸ்டியரிங் ஷாஃப்ட் இணைப்பு. அந்த இணைப்பில் உள்ள 12 மி.மீ. போல்ட்டைத் தளர்த்தினால் போதாது. ஷாஃப்ட்டின் பல்வரியில் (ஸ்ப்ளைன்) உள்ள பள்ளத்தின் வழியாகப் போவதால் முழுதாக உருவ வேண்டும்.

காலியான கூட்டை ஆறு பேர் தூக்கிவிடலாம். ஷாக்கின் மேல்முனை கூட்டில்தான் பூட்டியிருந்தது என்பதால், கூடு போனதும் சஸ்பென்ஷன் உட்கார்ந்துவிடும். முன் பின் சப்ஃபிரேம்களுக்கு அடியில் முன்கூட்டியே சக்கரம் வைத்த மரத் தள்ளுவண்டி ஒன்று நிற்கட்டும். கோவையை ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தவும் அதுதான் உதவும்.

அந்த எட்டு போல்ட்டுகள்

சக்கர அலைன்மென்ட் செய்யும் கேம் போல்ட்டுகள் (திருப்பினால் ஆர்மை நகர்த்தும் மையம் விலகிய தட்டு கொண்டவை) சக்கரத்துக்கு இரண்டு வீதம் மொத்தம் எட்டு, கீழ் ஆர்ம்களின் உள்முனையில். பழைய வண்டியில் இவை புஷ்ஷின் (ஆர்ம் முனையில் உள்ள ரப்பர் உருளை) உள்ளே உள்ள இரும்பு ஸ்லீவோடு துருவால் ஒட்டிப்போயிருக்கும். இந்த வண்டியில் எட்டில் ஐந்து அசையவில்லை.

ஒட்டியிருக்கிறதா என்று அறிவது எளிது. நட்டை எடுத்துவிட்டு போல்ட் தலையைத் திருப்புங்கள். கொஞ்சம் திரும்பி, ஸ்பானரை விட்டதும் ரப்பர் மாதிரித் திரும்பி வந்தால், போல்ட் ஸ்லீவில் சுழலவில்லை, புஷ் ரப்பர்தான் முறுக்கிக்கொள்கிறது. துரு இளக்கும் எண்ணெயை மூன்று நாள் காலையும் மாலையும் அடித்துப் பாருங்கள். கேஸ் டார்ச் வேண்டாம். ரப்பர் எரிந்து புகை கிளம்புமே தவிர ஸ்லீவ் விடாது. சுத்தியலால் போல்ட் முனையில் அடித்தால் மரை காளானாக விரிந்து, அப்புறம் சப்ஃபிரேம் துளை வழியே வெளியே வரவே வராது.

அசையாத போல்ட்டை வெட்டத்தான் வேண்டும். ரெசிப்ரோ சா (முன்னும் பின்னும் ஓடும் மின் ரம்பம்), இரும்பு வெட்டும் மெல்லிய பிளேடு. புஷ்ஷின் பக்கவாட்டுக்கும் சப்ஃபிரேம் காதுக்கும் நடுவே உள்ள இடுக்கில், இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெட்டு. கிரைண்டர் வட்டு அந்த இடுக்கில் நுழையாது. நுழைத்தால் காதையும் சேர்த்துத் தின்றுவிடும். போல்ட், கேம் தட்டு, புஷ் மூன்றும் புதிதாக வாங்க வேண்டிவரும். பட்ஜெட்டில் ஆரம்பத்திலேயே எட்டுக்கும் போட்டுவைத்தால் பின்னால் மனக்கசப்பு இல்லை.

புது போல்ட்டின் உடலில் ஆன்டி சீஸ் (ஒட்டிப்போகாமல் தடுக்கும் பசை) பூசிப் போடுங்கள். மரையில் மட்டும் பூசினால் அடுத்த பத்து வருடத்தில் இதே கதை. ரப்பர் புஷ் என்றால் இப்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நின்றதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். உயரம் தப்பாகக் காட்டும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். டேங்கில் பாதி பெட்ரோல், சீட்டில் ஓட்டுபவர் எடைக்கு மணல் மூட்டை, நான்கு சக்கரமும் தரையில். அப்போதுதான் கடைசி இறுக்கு.

இன்ஜின் முதல் பின்சக்கரம் வரையான கோவை வெளியே நிற்கும்போதே செய்ய வேண்டிய சில்லறைகள்: டைமிங் பெல்ட் (60,000 மைலுக்கு ஒருமுறை), வாட்டர் பம்ப், கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர், கேம் ஆங்கிள் சென்சாரின் ஓ-ரிங், கியர் லீவர் அடி ரப்பர். சென்சாரைக் கழற்றுமுன் ஹெட்டோடு சேர்த்து ஒரு கோடு கீறிவிடுங்கள். கியர்பாக்ஸுக்கு 75டபிள்யூ-90 ஜி.எல்-4 எண்ணெய் 2 லிட்டர். டிஃபரன்ஷியலுக்கு ஜி.எல்-5, சின்னதற்கு 0.65 லிட்டர், பெரியதற்கு 1 லிட்டர்.

சேசிஸ் இறக்கம், தண்ணீர், பிரேக்

சேசிஸை இறக்குவது ஒரு மதிய வேலை. எல்லா சப்ஃபிரேம் போல்ட்டையும் நாலு மரை கையால் பிடிக்கவைத்த பிறகே எதையும் இறுக்குங்கள். ஒரு மூலையை முழுதாக இறுக்கினால் எதிர்மூலைத் துளை பொருந்தாது. பவுடர் கோட்டிங் உள்ளே புகுந்த மரைகளில் முதலில் மரை வெட்டும் டேப் கருவியை ஓட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

ஹீட்டர் இல்லாமல் கட்டும்போது, ஹீட்டர் ஹோஸ் வாய்கள் இரண்டையும் அடைத்துவிடும் தப்பு அதிகம். இந்த இன்ஜினில் தண்ணீர் ஹெட்டின் முன்பக்கம்தான் வெளியேறுகிறது, பின்பக்க நாலாவது சிலிண்டரை ஒட்டி ஓட்டம் தருவது ஹீட்டர் லைன்தான். அடைக்காமல் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு ஹோஸ் போட்டு இணையுங்கள்.

பிரேக் பைப்புக்கு குனிஃபர் (செம்பு-நிக்கல் கலவை), 3/16 அங்குலம், எம்10×1 நட்டு. மஸ்தாவுக்கு வேண்டியது டபுள் ஃப்ளேர், அதாவது பைப் முனையை இரண்டு மடிப்பாக விரிப்பது. ஐரோப்பிய வண்டிகளின் குமிழ் ஃப்ளேர் இதில் உட்காராது, எவ்வளவு இறுக்கினாலும் கசியும். பைப்பைச் சதுரமாக வெட்டி, உள்ளும் புறமும் பிசிறு நீக்கி, நட்டை நுழைத்துவிட்டு, அப்புறம் ஃப்ளேர். இந்த வரிசையை மறந்து நட்டு இல்லாத அழகான ஃப்ளேரை எல்லோரும் ஒருமுறையாவது செய்வார்கள். டோனரின் பிரேக் அழுத்தப் பங்கீட்டு வால்வைத் தூக்கிப் போடாதீர்கள். கூரையும் கண்ணாடியும் போனதால் புவியீர்ப்பு மையம் இறங்கி, பிரேக் போடும்போது பின்சக்கரத்தில் பிடி அதிகம் தங்கும். முன்சக்கரம் முதலில் பூட்டும் பாதுகாப்பான குணம் பழைய வால்விலேயே கிடைத்துவிடும்.

வயரிங்

டாஷ்போர்டு இல்லாத காருக்கு டாஷ்போர்டு வயரிங் பாம்புக் கூடை மாதிரி கிடக்கும். கட்டர் எடுக்கும் கை அரிக்கும். எடுக்காதீர்கள். முழு வயரிங்கையும் அப்படியே புதுச் சேசிஸில் தொங்கவிட்டு இன்ஜினை ஓடவைத்த பிறகே ஏ.சி., ரேடியோ, பவர் விண்டோ வயர்களை ஒவ்வொன்றாக, டேப்பைப் பிரித்து, கனெக்டரில் இருந்தே உருவுங்கள். இரண்டாம் தலைமுறை டோனர் என்றால் சாவி, இ.சி.யு. (இன்ஜின் கம்ப்யூட்டர்), இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) பெட்டி, சாவித்துவாரத்தைச் சுற்றிய சுருள் நான்கும் ஒரே குடும்பம். பிரித்தால் ஸ்டார்ட் ஆகாது.

பவுடர் கோட்டிங்கில் மின்சாரம் போகாது. எர்த் வரும் ஒவ்வொரு இடத்திலும் வெறும் இரும்பு தெரியச் சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு, மேலே கிரீஸ் தடவுங்கள். ஹெட்லைட் மங்கல், இன்டிகேட்டர் போட்டால் மீட்டர் துள்ளல் போன்றவற்றில் பெரும்பாலானவை இதனால்தான்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன், டயக்னாஸ்டிக் பெட்டியில் எஃப்/பி (பம்ப்) முனையையும் ஜி.என்.டி (எர்த்) முனையையும் வயரால் இணைத்தால் பம்ப் ஓடும். ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு பாருங்கள். காயில் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, பத்து பத்து செகண்டாகச் சுழற்றி ஆயில் அழுத்தம் ஏறியதும் திரும்ப மாட்டுங்கள். முதல் தலைமுறை 1.6இல் சாவியைத் திருப்பும்போது பிடித்து, விட்டதும் அணைகிறதா? ஏர் மீட்டரில் உள்ள மடலைப் பாருங்கள். ஓட்டத்தில் பம்புக்கு கரன்ட் விடும் சுவிட்ச் அந்த மடலில்தான் இருக்கிறது. ஏர் ஹோஸ் விலகியிருந்தால் மடல் திறக்காது, பம்ப் நிற்கும். சூடானதும் அதே பெட்டியில் டி.இ.என்.-ஜி.என்.டி. முனைகளை இணைத்து, ஐட்லிங் 850 ஆர்.பி.எம்., டைமிங் 10 டிகிரி.

ஐ.வி.ஏ.

பிரிட்டனில் இப்படிக் கட்டிய கார் ஐ.வி.ஏ. (தனி வண்டிக்கான ஒப்புதல்) சோதனை தாண்டித்தான் நம்பர் வாங்கும். இன்ஜின் பவரை யாரும் கேட்பதில்லை, கூர்முனைதான் கேட்பார்கள். 100 மி.மீ. விட்டமுள்ள உருண்டையை வெளிப்புறம் உருட்டுவார்கள். அது தொடும் எந்த விளிம்புக்கும் 2.5 மி.மீ. ஆரமாவது வளைவு வேண்டும். டியூப் சேசிஸ் வெளியே தெரியும் காரில் ஒவ்வொரு போல்ட் முனையும் இதில் சிக்கும். பிளாஸ்டிக் தொப்பியும் விளிம்பு ரப்பரும் வாங்கும்போது எண்ணியதைவிட இரு மடங்கு வாங்குங்கள். ரப்பரைப் பசை போட்டு ஒட்டுங்கள், கையால் உருவினால் வந்துவிடுவதை ஏற்க மாட்டார்கள்.

இரண்டாவது சிக்கல், திருப்பியபின் ஸ்டியரிங் தானே நேருக்கு வர வேண்டும். எடை குறைந்த காரில் அந்த உந்துதல் பலவீனம். பவர் ஸ்டியரிங் ரேக்கின் பம்பை எடுத்துவிட்டு இரண்டு குழாயையும் ஒன்றோடொன்று கோத்துவிடுவது சுலப வழி. ஆனால் உள்ளே பிஸ்டன் சீல் எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கும், திரும்பி வரும் வேகம் செத்துவிடும். ரேக்கைப் பிரித்து அந்த சீலை எடுத்து, கிரீஸ் போட்டு மூடுங்கள். காஸ்டரை (ஸ்டியரிங் திரும்பும் அச்சின் பின்சாய்வு) கேம் போல்ட் விடும் அளவுக்குக் கூட்டி வையுங்கள். அந்த எட்டு போல்ட்டும் சுழலும் நிலையில் இருந்தால்தான் இது நடக்கும்.

சைலன்சர் சத்தம் 99 டெசிபல் எல்லை. ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்டவே கூடாது, டயர் அளவை மாற்றியிருந்தால் ஜி.பி.எஸ். வைத்துச் சரிபாருங்கள்.

நம்பர் ஒட்டியபின் முதல் 100 மைலில் சப்ஃபிரேம், கேம், சக்கர நட்டு எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச்சில் மறுபடி பாருங்கள். சக்கர நட்டு எம்12×1.5, 90 முதல் 118 நியூட்டன் மீட்டர். சப்ஃபிரேம் போல்ட்டுகளுக்கு அடியில் பவுடர் கோட்டிங் நசுங்கி இறங்கியிருக்கும், கால் சுற்றாவது உள்ளே போகும்.