கரண்ட் போனால் நீர் எங்கே போகும்?

மதியம் கரண்ட் போனது. மீன் தொட்டியின் மோட்டார் நின்றுவிட்டது. தண்ணீர் நிற்கவில்லை.

மேல் தொட்டியிலிருந்து வழியும் நீர் கீழே சம்ப் என்கிற இன்னொரு தொட்டியில் சேரும்; மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். அந்தச் சம்பில் மட்டம் விறுவிறுவென ஏறியது. நீரை மேலே அனுப்பும் அதே குழாய், இப்போது சைபனாக மாறி, மோட்டார் இல்லாமலே நீரைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

அந்தக் குழாயில், மேல் தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டிருக்கிறேன். நீர் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்தது. கொர்ர்ர் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், இழுப்பு அறுந்தது. (அந்த ஓட்டையில் பாசி அடைக்கும். அவ்வப்போது ஊசியால் குத்திவிட வேண்டும்.)

நாலடிக்கு ஒன்றரை அடி தொட்டியில் ஓர் அங்குல நீர் என்றால் சுமார் 14 லிட்டர். சம்பில் அதற்கு எப்போதும் இடம் வேண்டும். அழகுக்காக சம்பை விளிம்புவரை நிரப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம்தான்.

எல்லோரும் மோட்டாரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் மேல் தொட்டியின் மட்டத்தைத் தீர்மானிப்பது நீர் வழியும் விளிம்பு. ஏரிக்குக் கலிங்கு மாதிரி. வரத்து கூடினால் அதன்மேல் கொஞ்சம் தடிப்பாக ஓடும், குறைந்தால் மெலிசாக. மட்டம் பெரிதாக மாறாது. ஆவியாகிற நீரின் குறைவுகூடக் கீழே சம்பில்தான் தெரியும்.

வேகம் குறைய வேண்டுமா? மோட்டார் பக்கத்து வால்வைத் திருகுங்கள். வழியும் நீரைச் சம்புக்கு இறக்கும் வடிகுழாயைக் குறுக்கினால், ஒரு நத்தை போய் அடைத்தாலே போதும், கூடம் முழுக்கத் தண்ணீர்.

அதற்காகவே சற்று உயரத்தில் இன்னொரு வடிகுழாயைச் சும்மா விட்டு வைப்பார்கள். செலவு பார்க்காமல் அதையும் வைத்துவிடுங்கள்.