போகியன்று ஒரு காற்புள்ளி

2026ஆம் ஆண்டின் தைப்பொங்கல் வியாழக்கிழமையில் வந்ததால், வெள்ளி, சனி அரசு விடுமுறைகளோடு ஞாயிறும் சேர்ந்து நான்கு நாள் ஓய்வு வாய்த்தது. கோவை பீளமேட்டிலுள்ள எங்கள் மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்கு வேலை அனுப்பும் ஜெர்மானியர்களுக்கோ அந்த வியாழன் மற்றுமொரு வேலைநாள். பொங்கலுக்கு முந்தைய திங்களன்று வந்த மின்னஞ்சல், நூற்பாலை இயந்திரம் ஒன்றின் கையேட்டை, ஏறத்தாழ 9,000 சொற்களை, ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிப் புதன் மாலைக்குள் தரக் கேட்டது.

நிதானமாகச் செய்தால் ஒருவர் நாளொன்றுக்கு 2,000 முதல் 2,500 சொற்கள் வரை மொழிபெயர்க்கலாம். இருவருக்குப் பிரித்துக் கொடுத்தால் இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று கணக்குப் போடும் வாடிக்கையாளர்கள், அதன்பின் திருத்துநர் ஒருவர் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். மொழிபெயர்த்தவர் அல்லாத இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. 17100 தரநிலை சொல்கிறது. பண்டிகைக்கு முன் முதலில் பறிபோவது அந்த இன்னொருவரின் நேரம்தான்.

எங்கள் திருத்துநர் காங்கேயத்துக்காரர். அவருடைய தந்தை நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். வாடிக்கையாளரின் சொற்பட்டியல் 'தாங்கி' என்று கேட்டபோது, மில்லில் 'பேரிங்' என்றால்தான் புரியும் என்று முன்பே வாதாடி வென்றவர். புதன் பிற்பகல் மூன்று மணிக்கு அவர் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, உருளைக்கும் தகட்டுக்கும் நடுவுல 1,500 மில்லிமீட்டர்னு இருக்குதுங்க. ஒன்றரை மீட்டர்னா அந்தச் சந்துல ஆளே புகுந்துக்கலாமுங்க" என்றார்.

ஜெர்மன் மொழியில் தசமத்தைக் காற்புள்ளியால் குறிப்பார்கள், நாம் 1.500 என்று எழுதுவது அங்கே 1,500. ஜெர்மன் மூலத்தை ஆங்கிலப்படுத்தியவர் அதை அப்படியே விட்டிருக்கிறார். தரச் சோதனை மென்பொருளோ, ஆங்கிலத்திலுள்ள எண்ணும் தமிழிலுள்ள எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று மட்டுமே பார்ப்பதால், குறையேதுமில்லை என்று பச்சை காட்டிவிட்டது. அதே கையேட்டின் வேறோர் அட்டவணையில் மோட்டாரின் வேகம் நிமிடத்துக்கு 1,500 சுற்றுகள். அங்கே காற்புள்ளி ஆயிரத்தையே பிரிக்கிறது. ஆகவே மொத்தமாகத் தேடி மாற்றவும் வழியில்லாமல், ஒவ்வோர் எண்ணையும் அதன் அலகோடு வைத்துப் படித்து, ஐயமான பதினோரு இடங்களைக் கேள்வியாக அனுப்பினோம். இங்கே மாலை ஐந்து மணி என்றால் அங்கே பகல் பன்னிரண்டரை, சாப்பிடப் போயிருந்தார்கள்.

அந்த இடைவெளியில் அலுவலகம் காலியாகிக்கொண்டிருந்தது. தெற்கே போகிறவர்கள் சிங்காநல்லூர் பேருந்து நிலையத்துக்கு மூன்று மணி முதலே கிளம்பிவிட்டார்கள். பூளைமேடுதான் பீளமேடு ஆயிற்று என்பார்கள். இன்றோ, போகியன்று வீட்டு வாசலில் காப்பாகக் கட்டும் அந்தப் பூளைப்பூவை ஆவாரம்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்துக் கட்டாகச் சாலையோரத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. திருத்துநர் ஒரு பூக்கட்டை வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டு மறுமொழிக்குக் காத்திருந்தார்.

ஆறரைக்குப் பதில் வந்தது: பதினோரு இடங்களில் ஒன்பது தசமம். அவற்றைத் திருத்திக் கோப்பை அனுப்பியபோது ஏழேகால் ஆகியிருந்தது. "போயிட்டு வாறேனுங்க அக்கா" என்று பூக்கட்டோடு ஓடியவர், வீட்டு வாசலில் காப்புக் கட்டிய படத்தைப் பத்தரை மணிக்கு அனுப்பினார்.