ஸ்ப்ரூஸ் மரம் எடுக்கும் நீரை அளக்கப் போகிறவர்களுக்கு

முதுநிலை ஆய்வேட்டுக்காக ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், ஃபிக்டெல்கெபிர்கே மலைப்பகுதியின் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடுகளில் ஒரு கோடை முழுவதும் வேலை செய்தேன். நலமான காடும் நலிந்த காடும் எவ்வளவு நீரைச் செலவிடுகின்றன என்பதே தலைப்பு. இதே துறையில் இறங்கவிருக்கும் மாணவர்களுக்கு, நான் தாமதமாகப் புரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

காட்டுக்குள் போவதற்கு முன் அதன் வரலாற்றைப் படித்துவிடுங்கள். 1980களில் இம்மலைகளில் ஸ்ப்ரூஸ் ஊசியிலைகள் மஞ்சளாகி உதிர்ந்தபோது, காற்று மாசு இலைகளை நேரடியாகக் கருக்குகிறது என்ற கருத்தே பரவலாக இருந்தது. பைராய்ட் பல்கலைக்கழகத்தின் எர்ன்ஸ்ட்-டெட்லெஃப் ஷுல்ட்ஸேயும் அவருடைய குழுவினரும் வேறொரு விளக்கம் தந்தார்கள். அமில மழை மண்ணிலிருந்த மக்னீசியத்தையும் கால்சியத்தையும் கரைத்துக்கொண்டு போக, காற்றிலிருந்து வந்த நைட்ரஜனோ மரத்தை வளரத் தூண்டியது. வளர்ச்சிக்கு வேண்டிய மக்னீசியம் கிடைக்காத மரம், பழைய இலைகளில் இருந்ததை எடுத்துப் புதிய இலைகளுக்குக் கொடுத்தது. அதனால்தான் ஒரே கிளையில் நுனி பச்சையாகவும் அதன் பின்பகுதி மஞ்சளாகவும் இருக்கும். இதைச் சரியாகப் படிக்காமல் போன நான், மஞ்சள் மரம் என்றாலே நீரின்றி வாடும் மரம் என்று முதல் மாதம் முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அளவீட்டுக்கு, பிரான்சின் ஆந்த்ரே கிரானியே 1985இல் வெளியிட்ட முறையைப் பயன்படுத்தினேன். 2 செ.மீ. நீளமுள்ள இரண்டு ஊசிகளை ஒன்றன் மேல் ஒன்றாகத் தண்டில் செருகி, மேல் ஊசியை மட்டும் சூடாக்க வேண்டும். சாறு வேகமாக ஏறும்போது மேல் ஊசி குளிர்ந்து, இரண்டுக்கும் இடையேயான வெப்ப வேறுபாடு குறையும். ஓட்டம் நின்றுவிடும் இரவில் அது உச்சத்தைத் தொடும். அந்த உச்சத்தையே பூச்சிய ஓட்டம் என்று கொள்கிறோம். வெப்பமான, காற்று வறண்ட இரவுகளில் ஓட்டம் முழுமையாக நிற்பதில்லை என்பதால், ஈரமான இரவுகளின் உச்சத்தையே நம்புங்கள்.

கருவியை விடத் தொல்லை தந்தது சாற்றுக்கட்டைதான், அதாவது தண்டின் வெளிப்புறத்தில் சாற்றை மேலே கடத்தும் மரப்பகுதி. ஊசி தருவது ஓட்டத்தின் அடர்த்தியை, அதாவது ஒரு சதுர செ.மீ. வழியே ஏறும் அளவை மட்டுமே. அதைச் சாறு ஏறும் பரப்பால் பெருக்கினால்தான் மரம் எடுத்த நீர் தெரியும். நான் முதலில் பட்டை நீங்கலாகத் தண்டின் முழுக் குறுக்குப் பரப்பால் பெருக்கிவிட்டேன். 30 செ.மீ. விட்டமுள்ள தண்டில் சாற்றுக்கட்டை 4 செ.மீ. அகலமே என்றால், 707 சதுர செ.மீ. பரப்பில் ஏறத்தாழ 327 மட்டுமே நீரைக் கடத்துகிறது. என் கணக்கோ மரத்தை இரண்டு மடங்குக்கு மேல் குடிக்க வைத்திருந்தது! நீரைக் கடத்தாத உட்பகுதியான வைரக்கட்டை, ஸ்ப்ரூஸில் தேக்கைப் போல நிறத்தால் பிரிந்து தெரியாது. துளைக்கருவியால் பென்சில் போன்ற மரக்குச்சியை எடுத்து, உலர்வதற்குள் வெயிலுக்கு எதிரே பிடித்தால், ஈரமுள்ள சாற்றுக்கட்டை எண்ணெய்த்தாள் போல ஒளியை விடும். வைரக்கட்டை வெளிறி ஒளியைத் தடுக்கும். அந்த எல்லையை அங்கேயே பென்சிலால் குறித்துவிடுங்கள். இன்னொன்று, 2 செ.மீ. ஊசி வெளிப்புற ஓட்டத்தையே காண்கிறது. உள்ளே போகப் போக ஓட்டம் பெரும்பாலும் குறையும் என்பதால், சில மரங்களிலாவது ஆழத்திலும் அளக்க வேண்டும்.

அடுத்து, மரத்தையும் காட்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஹெக்டேருக்கு 400 மரங்கள், ஒவ்வொன்றும் நாளுக்கு 50 லிட்டர் என்றால் 20,000 லிட்டர், அதாவது மழையை அளப்பது போலச் சொன்னால் தரை முழுவதும் 2 மி.மீ. உயர நீர். நலிந்த காட்டில் மரங்கள் சாய்ந்து இடைவெளி விழுந்தால் இந்தத் தொகை குறையலாம். ஆனால் எஞ்சிய மரங்களுக்குக் கூடுதல் வெளிச்சமும் மண்ணீரும் கிடைப்பதால் அவை முன்னைவிட அதிகமாக எடுக்கக்கூடும், தரையில் படரும் புல்லும் தன் பங்கை ஆவியாக்கும். ஆகவே இலைப்பரப்பையும் மர அடர்த்தியையும் தராமல் இரண்டு காடுகளை ஒப்பிடும் அட்டவணைக்கு என் பார்வையில் மதிப்பில்லை.

பட்டை வண்டு தாக்கிய மரங்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். வண்டு கொண்டுவரும் நீலக்கறைப் பூஞ்சை சாற்றுக்கட்டையையே அடைப்பதால், கிளைகள் இன்னும் பச்சையாக இருக்கும்போதே ஓட்டம் சரிந்துவிடும். அது வேறு நோய்.

வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, எந்தப் பரப்பால் பெருக்கினீர்கள் என்பதுதான். பென்சில் கோடு போட்ட மரக்குச்சிகளைப் பெட்டியோடு கொண்டுபோயிருந்தேன். அவற்றை மேசையில் அடுக்கியே பதில் சொன்னேன்.