கடைசி ஆறு அங்குலம்: ஸ்ப்ளெண்டர் பின்சக்கரம், மூன்றாவது முயற்சி

மூன்றாவது தடவை டயரை ஏற்றியதில் டியூபில் காற்று இறங்காமல் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் 28 பி.எஸ்.ஐ. காற்று வைத்தேன், இன்று புதன், காலையில் கேஜ் வைத்துப் பார்த்தால் முள் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கிறது. நடுவில் இரண்டு டியூபைக் கிழித்துவிட்டுத்தான் இங்கே வந்து சேர்ந்தேன், அதனால் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

வண்டி அப்பாவுடைய பழைய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். ஸ்போக் ரிம், பின்னால் 2.75-18 டயர், டியூப் போட்டது. வியாழக்கிழமை ராத்திரி மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும், பாடி மேம்பாலம் இறங்கி வில்லிவாக்கம் பக்கம் வரும்போது பின்பக்கம் நெளிய ஆரம்பித்தது. ஐப்பசி கார்த்திகை வந்தாலே பஞ்சர் கடைகளில் கூட்டம் கூடுவதற்குக் காரணம் இருக்கிறது, ரப்பர் நனைந்திருந்தால் ஆணியோ கண்ணாடித் துண்டோ வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கிவிடும், காய்ந்த ரோட்டில் அதே ஆணி பல நேரம் தெறித்துப் போயிருக்கும். உடனே இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். வீடு பக்கம்தானே என்று உட்கார்ந்து ஓட்டினால் காற்றில்லாத டியூப் டயரோடு சேர்ந்து நகரும், மவுத்து, அதாவது காற்றடிக்கும் வால்வு, மட்டும் ரிம் ஓட்டையில் மாட்டிக்கொண்டு அடியோடு பிய்ந்துவிடும். மவுத்து போன டியூபுக்கு ஒட்டு கிடையாது, தூக்கிப்போட வேண்டியதுதான்.

சக்கரம் கழற்றுவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: ஸ்ப்ளெண்டரில் செயினைத் தொடவே வேண்டாம். ஆக்ஸிலை உருவி, ஸ்பேசரை எடுத்துவிட்டால் சக்கரம் ரப்பர் புஷ்ஷிலிருந்து விலகித் தனியாக வந்துவிடும், ஸ்ப்ராக்கெட்டும் செயினும் ஸ்விங் ஆர்மிலேயே நிற்கும். அதனால் செயின் டென்ஷனும் மாறாது. இதை யோசித்துச் செய்தவருக்கு ஒரு கும்பிடு.

டயர் ரிம்மை விட்டுப் பிரிய மறுத்தது. பல வருஷமாக அங்கேயே உட்கார்ந்து துருவோடு ஒட்டியிருந்தது. சக்கரத்தைத் தரையில் படுக்கப் போட்டு, மாடி வீட்டுத் தம்பியின் பைக்கை பக்கத்தில் நிறுத்தி, அதன் சைடு ஸ்டாண்டை டயரின் ஓரத்தில் வைத்து வண்டியைச் சாய்த்து அழுத்தினோம். பட்டென்று விட்டது. மாடித் தம்பி அப்புறம் கடைசிவரை கூடவே இருந்து மூன்று நாளும் காற்றடித்துக் கொடுத்தான்.

ஓட்டையைக் கண்டுபிடித்தது, உப்புத்தாள் போட்டுச் சுரண்டியது, சொல்யூஷன் தடவி விரலில் ஒட்டாத அளவுக்கு உலரும்வரை காத்திருந்து பேட்ச் வைத்து அழுத்தியது, எல்லாம் நன்றாகவே நடந்தது. அந்த ஒட்டு இன்றைக்கும் பிரமாதமாக இருக்கிறது. டியூபை வெளியே எடுக்கும்போதே டயரில் எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று சாக்பீஸால் குறித்து வைத்திருந்தேன், மவுத்திலிருந்து ஓட்டை எவ்வளவு தூரம் என்று அளந்து டயரில் அதே தூரத்தில் பார்த்தால் ஆணியின் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. இதைச் செய்யாமல் டியூபை மட்டும் ஒட்டிப் போட்டால் அதே ஆணி அதே இடத்தில் மறுபடியும் குத்தும். உள்பக்கம் துணியால் தடவிப் பாருங்கள், வெறும் விரலால் வேண்டாம்.

பிரச்சினை எல்லாம் டயரைத் திரும்ப ஏற்றும்போதுதான். அதிலும் கடைசி ஆறு அங்குலம்.

சனிக்கிழமை முதல் முயற்சி. சுற்றிலும் கையாலேயே ஏற்றிக்கொண்டு வந்தேன், கடைசியில் அந்தத் துண்டு மட்டும் ரிம்முக்கு மேலே விறைத்துக்கொண்டு நின்றது. இரண்டு லீவரை வைத்து நெம்பினேன், ஏறியது. காற்றடித்தால் பத்து நிமிஷத்தில் தொளதொள. கழற்றித் தண்ணீரில் முக்கிப் பார்த்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்பு கடித்த மாதிரி. லீவருக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் மடிந்து மாட்டிக் கிள்ளிவிட்டது. சரி, பழைய டியூப், ரப்பர் நொந்துபோயிருக்கும் என்று நினைத்து அன்று மாலையே புது டியூப் வாங்கி வந்து போட்டேன். அதே இடம், அதே இரட்டை ஓட்டை. புது டியூபில் தண்ணீருக்குள் குமிழி வந்ததைப் பார்த்தபோது தொண்டை அடைத்துவிட்டது.

ஞாயிறு காலை அந்த டியூபை எடுத்துக்கொண்டு தெருமுனை பஞ்சர் கடைக்குப் போனேன். அந்த அண்ணன் முப்பது வருஷத்துக்கு மேலாக அதே மரத்தடியில் இருக்கிறார். ஓட்டையைப் பார்த்ததும், "எங்கேர்ந்து ஏத்த ஆரம்பிச்ச தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார். மவுத்துப் பக்கத்திலிருந்து என்றேன். "அதான். மவுத்துல முடிக்கணும், மவுத்துல ஆரம்பிக்கக் கூடாது. லீவர்ல பலம் போட்டா டியூப்தான் போவும்" என்று சொல்லிவிட்டு, வேறொரு வண்டியின் சக்கரத்தை எடுத்துக் காட்டினார். இரண்டு முட்டியையும் டயரின் மேல் ஊன்றி, உள்ளங்கையால் தள்ளிக்கொண்டே வந்து, கடைசித் துண்டைக் கட்டை விரலால் அமுக்கி உள்ளே இறக்கிவிட்டார். லீவரைத் தொடவே இல்லை.

அங்கேயே நின்று மூன்று தடவை செய்யச் சொல்லிப் பார்த்தேன். விஷயம் இதுதான். டயரின் ஓரத்துக்குள் எஃகுக் கம்பி வளையம் ஒன்று ஓடுகிறது, அது துளிகூட நீளாது. ரிம்மின் விளிம்பு அந்த வளையத்தைவிடப் பெரிது. அப்படியிருந்தும் டயர் ஏறுகிறது என்றால், ரிம்மின் நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம் இருப்பதால்தான். எதிர்ப்பக்கக் கம்பி அந்தப் பள்ளத்துக்குள் முழுசாக இறங்கினால் இந்தப் பக்கம் நமக்குத் தளர்வு கிடைக்கும், அந்தத் தளர்வு இருந்தால் கையே போதும். நான் மவுத்திலிருந்து ஆரம்பித்ததால், முடிக்கும்போது எதிர்ப்பக்கத்தில் இருந்தது மவுத்து. மவுத்தின் அடியில் டியூப் தடிமனாக இருக்கும், அந்தத் தண்டும் ரிம்மைப் பிடித்துக்கொண்டு நிற்கும், இரண்டுமாகச் சேர்ந்து கம்பியைப் பள்ளத்துக்குள் இறங்க விடுவதில்லை. எதிரில் இறங்காத அந்தக் கொஞ்சத்தைத்தான் இந்தப் பக்கம் லீவரால் பிடுங்கப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மவுத்துக்கு நேர் எதிரில் ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் டியூபில் கொஞ்சமாகக் காற்று, அது வட்டமாக நிற்கும் அளவுக்கு மட்டும். காற்றே இல்லாவிட்டால் மடிப்பு விழுந்து லீவருக்கு இரையாகும், அதிகமானால் டயருக்குள் அடங்காது. டியூப் முழுக்க குட்டிக்கூரா பவுடர். டயர் ஓரத்துக்குப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர். எண்ணெயோ கிரீஸோ வேண்டவே வேண்டாம், ரப்பரைத் தின்றுவிடும். முட்டியை ஊன்றி, ஒரு சாண் ஏற்றியதும் பின்னால் ஏற்றிய பகுதி பள்ளத்தை விட்டு மேலே வந்துவிட்டதா என்று பார்த்து மறுபடி அமுக்கி, இப்படியே இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி. மவுத்து வந்ததும் அதை உள்பக்கமாக ஒரு அழுத்து அழுத்திவிட்டேன், கம்பிக்கு அடியில் மாட்டியிருக்கும் டியூப் விடுபட்டு டயருக்குள் போய்விடும். கடைசி இரண்டு அங்குலத்துக்கு மட்டும் ஒரே ஒரு லீவர், அதுவும் நிமிர்த்தி நிறுத்தவில்லை, கால்வாசி தூக்கியதுமே டொப் என்று உள்ளே போனது. அந்தச் சத்தத்தை இன்னும் பத்துத் தடவை கேட்கலாம் போல இருந்தது.

லீவரைப் பற்றி ஒரு வார்த்தை. என்னுடையது புதுப்பேட்டையில் பழைய சாமான் குவியலில் பொறுக்கியது, நல்ல இரும்பு, ஆனால் நீளம் அதிகம், முனையும் கூராக இருந்தது. அரம் போட்டு முனையை மழுக்கி, உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன். நீளமான லீவர் வேண்டாம் என்பதுதான் இப்போது என் கட்சி. நீளம் கூடக் கூட எவ்வளவு பலம் போடுகிறோம் என்பது கைக்குத் தெரியாமல் போகும், குட்டை லீவர் என்றால் எங்கேயோ தப்பாக மாட்டியிருக்கிறது என்று கை உடனே சொல்லிவிடும். அடுத்து உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு போகும்போது எட்டு அங்குலத்தில் ஒரு ஜோடி தேட வேண்டும்.

டியூபும் ஜி.பி. ரோட்டில்தான் வாங்கினேன், இரண்டு நாளில் இரண்டு. பியூட்டைல் டியூபாகக் கேட்டு வாங்குங்கள், சாதா ரப்பரைவிடக் காற்றை ரொம்ப நாள் பிடித்து வைக்கும். முதல் கடையில் டியூபில் பெயரும் இல்லை அளவும் இல்லை, எல்லாம் ஒன்றுதான் என்று தள்ளிவிடப் பார்த்தார்கள். அளவு அச்சடித்திருக்காத டியூபை நான் தொடுவதில்லை, திரும்பி வந்துவிட்டேன். எதிர் வரிசையில் ஒரு பெரியவர் 2.75-18 என்றதும் கேட்காமலேயே ரிம் டேப்பையும், ஸ்போக் முனைகள் டியூபைக் குத்தாமல் ரிம்மின் மேல் சுற்றும் பட்டை, எடுத்து வைத்தார். பழைய ரிம் டேப் ஒரு ஸ்போக் முனையில் கிழிந்திருந்ததை அப்போதுதான் நானே யோசித்தேன். அதையும் கவனிக்காமல் விட்டிருந்தால் நாலாவது பஞ்சர் உள்ளேயிருந்தே வந்திருக்கும்.

மாடித் தம்பி, பேசாமல் டியூப்லெஸ் ஆக்கிவிடுங்கள் அண்ணே என்கிறான். ஸ்போக் ரிம்மில் ஒவ்வொரு ஸ்போக் முனை வழியாகவும் காற்று கசியும், அத்தனையையும் அடைத்து டேப் ஒட்டி சரிபார்ப்பதற்கு, இப்போது கை பழகிவிட்ட டியூப் வேலையே எனக்குப் போதும். முன்சக்கரத்துக்கும் டியூபும் ரிம் டேப்பும் வாங்கி வைத்திருக்கிறேன், பொங்கலுக்குள் அதையும் பிரிக்கிறேன்.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். 28 அடித்து, முழுசாக இறக்கி, மறுபடி 28 அடித்தேன், உள்ளே முறுக்கிக்கொண்டிருந்தால் டியூப் அதில் நிமிர்ந்துவிடும். டயரின் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், ஓரிடத்தில் உள்ளே அமுங்கியிருந்தது, சோப்புத் தண்ணீர் விட்டுத் தட்டியதும் வெளியே வந்தது. மவுத்தின் நட்டை ரிம்மோடு இறுக்கவில்லை, மேலே மூடியோடு சேர்த்து விட்டிருக்கிறேன், டியூப் எப்போதாவது நகர்ந்தால் மவுத்து சாய்ந்து காட்டிக்கொடுக்கும். சக்கரத்தை மாட்டி அம்பத்தூர் வரை ஒரு சுற்று போய் வந்தேன், நெளிவு இல்லை, மவுத்து நேராக நிற்கிறது.

பின் பிரேக் மட்டும் இன்னும் மிதி ஆழமாகப் போகிறது. ராடு நட்டை இரண்டு சுற்று இறுக்கினால் சக்கரம் உரசுகிறது, ஒன்றரையில் விட்டால் மிதி இறங்குகிறது. டிரம்முக்குள் ஷூ தேய்ந்திருக்க வேண்டும், சனிக்கிழமை மறுபடி கழற்றிப் பார்க்கிறேன்.