மைக் செட் ரெக்கார்டுகளை ஃபைலாக்கும் வேலை: இதுவரை நடந்தது

அருப்புக்கோட்டைப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த பெரியப்பாவின் ரெக்கார்டுகள் என் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஏறக்குறைய 300 இருக்கும். பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டு பாட்டு வரும் 45 வேக ஈ.பி. தட்டுகள், கொஞ்சம் பெரிய எல்.பி. தட்டுகள், தனியாக ஒரு கட்டு 78 (நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டுகள்). கடையை மூடியபோது ஆம்ப்ளிஃபயரையும் குழாய் ஸ்பீக்கர்களையும் தம்பி எடுத்துக்கொண்டான். அவன் இப்போது பென் டிரைவில் தொழில் நடத்துகிறான். தட்டுகளைக் கேட்பாரில்லை, அதனால் அவை என்னிடம் வந்துவிட்டன.

வீட்டில் உறைக்குள் பத்திரமாக இருந்த ரெக்கார்டு வேறு, மைக் செட் ரெக்கார்டு வேறு. இவை பந்தலில் புழுதி தின்றவை. கனமான கை வைத்த பழைய பிளேயரில், தேய்ந்த முள்ளோடு, ஆயிரம் தடவை சுற்றியவை. ஒவ்வொரு லேபிளிலும் கடைப்பெயரின் முதலெழுத்தும் ஒரு நம்பரும் மையில் எழுதியிருக்கும். வேறு செட்காரர் தட்டோடு கலந்துவிடக் கூடாதே! நம்பருக்கு ஒரு நோட்டும் உண்டு. கல்யாணம், சடங்கு, கோயில், கட்சி என்று அதில் பிரித்து வைத்திருக்கிறார். சில பாட்டுகளுக்கு நேரே 'கல்யாண வீட்டில் போடாதே' என்று இருக்கிறது. நோட்டைத்தான் முதலில் போட்டோ எடுத்தேன்.

எதை முதலில் எடுப்பது என்று யோசித்தபோது ஒரு விஷயம் தெளிவானது. கம்பெனிகளே மூல டேப்பிலிருந்து நல்ல ஃபைல்களை விற்கிற, ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கிற பாட்டுக்கு நான் தேய்ந்த தட்டோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை. எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம் 1963-இல் எல்.பி.யாக வந்தது. அது இன்று எல்லா வடிவத்திலும் கிடைக்கிறது. அதை அப்படியே உறையில் வைத்துவிட்டேன். தேடிப் பார்த்தும் கிடைக்காதவைதான் முன்வரிசை: நாதஸ்வரத் தட்டுகளில் சில, நாகூர் ஹனீபா பாடியவற்றில் சில, எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு ஈ.பி. ஒன்று, பெயரே கேள்விப்படாத பாடகர்களின் பக்திப் பாட்டுகள்.

கழுவுதல்

சாஃப்ட்வேர் பற்றிப் படித்துத்தான் எல்லாரும் இதில் இறங்குகிறோம். என் அனுபவத்தில் தட்டின் மேல் முள் இறங்குவதற்கு முன்னால் செய்கிற வேலைக்குத்தான் பலன் அதிகம். பாதி 'கீறல்' கீறலே இல்லை, அழுக்கு. மழைக்காலத்தில் பூத்த பூஞ்சையும் வெள்ளைப் புள்ளிகளாக இருக்கும், அதுவும் படபடவென்று சத்தம் போடும்.

குழாய்த் தண்ணீர் வேண்டாம். எங்கள் ஊர் போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்த பிறகு உப்புதான் மிஞ்சும். டிஸ்டில்டு வாட்டர், அதில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ். தட்டின் கோடு ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே கூடாது. அப்புறம் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு அலசல், மைக்ரோஃபைபர் துணியில் ஒற்றி, ஃபேனுக்கு அடியில் அல்லாமல் நிழலில் செங்குத்தாக நிறுத்திக் காயவைத்தல். ஃபேன் கழுவிய தட்டிலேயே மறுபடி தூசியைக் கொட்டும். லேபிளில் ஈரம் படக் கூடாது. பழைய பிளாஸ்டிக் மூடி இரண்டை இருபுறமும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன்.

எண்ணெய்ப் பிசுக்குக்குக் கொஞ்சம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சேர்க்கிறார்கள். வினைலுக்கு அது சரி. 78 தட்டுக்கு மட்டும் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். அவை அரக்கால் ஆனவை, ஆல்கஹாலில் அரக்கு கரையும். அவற்றுக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும், அதுவும் ஊறவிடாமல் உடனே துடைத்துவிட வேண்டும்.

ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையைத் தட்டு முழுக்கப் பூசி, காய்ந்ததும் தோலாக உரித்தெடுக்கும் முறையையும் எதற்கும் உதவாத ஒரு ஈ.பி.யில் செய்து பார்த்தேன். அழுக்கு அருமையாக வருகிறது. ஆனால் ஒரு தட்டுக்கு ஒரு இரவு போய்விடும். பிரஷ் தோற்ற தட்டுகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டேன்.

முள்

என்னிடம் இருப்பது 33⅓, 45, 78 மூன்று வேகமும் உள்ள ஆடியோ-டெக்னிகா எல்.பி.120. இதன் கார்ட்ரிட்ஜில் (முள்ளின் அசைவை மின்சாரமாக்கும் பாகம்) முள்ளை மட்டும் கழற்றி வேறு மாட்டலாம். இந்தச் சேகரிப்புக்கு அதுதான் உயிர்நாடி. பழைய கூம்பு முள், காடியின் (பாட்டு பதிந்த அந்தக் கோட்டுப் பள்ளத்தின்) சுவரில் ஒரே உயரத்தில்தான் உராய்ந்து உராய்ந்து தேய்த்திருக்கும். முனையின் வடிவம் மாறினால் சுவரில் தொடும் இடமும் மாறும், தேயாத பகுதி அகப்படும். நாதஸ்வரத் தட்டு ஒன்றை நீள்வட்ட முள்ளில் போட்டபோது உச்சஸ்தாயி முழுக்கக் கரகரத்தது. இன்னும் மெல்லிய விளிம்புள்ள மைக்ரோலீனியர் முள்ளில் அதே இடம் கேட்கிற மாதிரி வந்தது. முள் விலை அதிகம்தான். ஆனால் இந்த வித்தியாசத்தை எந்த சாஃப்ட்வேராலும் கொண்டுவர முடியாது.

அந்தத் தட்டு ஏன் இவ்வளவு தேய்ந்தது என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "தேயாம என்னடா செய்யும்? விடியக்காலை நாலு மணிக்கு நாயனத்தைப் போட்டாத்தான் கல்யாண வீடுன்னு ஊருக்குத் தெரியும். முடிஞ்சா திருப்பிப் போடுவோம், திருப்பி முடிஞ்சா மறுபடி போடுவோம்" என்றார்.

பதிவு

கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான், ஃபோனோ ப்ரீஆம்ப் இல்லாமல் நடக்காது. அது சத்தத்தைக் கூட்ட மட்டும் இல்லை. தட்டு வெட்டும்போது அடி ஓசையைக் குறைத்து மேல் ஓசையைக் கூட்டி வெட்டுவார்கள். அடி ஓசையை அப்படியே வெட்டினால் கோடு அகன்று, ஒரு பக்கத்தில் கொள்ளும் நேரம் குறைந்துவிடும். கேட்கும்போது அதைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். 1954-இல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு இதற்கான பொது அளவு. 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபெல் ஏற்றி, 20,000 ஹெர்ட்ஸில் அதே அளவு இறக்குகிறது. எல்.பி., ஈ.பி.க்கு இதில் கவலை இல்லை. பழைய 78-களுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி வளைவு மாறும் என்பதால் அவற்றைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன்.

ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் எடுக்கிறேன். உச்சம் மைனஸ் 6 டெசிபெல் பக்கம் நின்றால் போதும். ஒரு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 35 எம்.பி. ஆகும், ஒலி இழப்பில்லாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவமாக்கினால் கணிசமாகச் சுருங்கும். பாட்டுக்கு சி.டி.யின் 44.1 கிலோஹெர்ட்ஸ் போதாதா என்றால் போதும். கூடுதல் வேகம் கீறல் வேலைக்கு. டிக் என்ற சத்தம் அலைவடிவத்தில் கூர்மையாக, தனியாகத் தெரியும்.

கரண்ட் இரைச்சல் கொஞ்ச நாள் படுத்தியது. 50 ஹெர்ட்ஸ் உறுமல். பிளேயரின் எர்த் வயரை ப்ரீஆம்ப் திருகில் இறுக்கியதில் பாதி போனது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதில் மீதியும் போனது. இப்போது பேட்டரியில்தான் எல்லாப் பதிவும். ஆடி மாதம் மட்டும் வேலையை நிறுத்திவைத்தேன். ரெக்கார்டிங் வயர் வழியாகத்தானே போகிறது, தெருவில் அம்மன் கோயில் செட் பாடினால் என்ன என்று தோன்றும். பலத்த சத்தம் மேஜையையும் தட்டையும் அதிர வைக்கிறது, முள் அதையும் சேர்த்துப் படிக்கிறது. மைக் செட் ரெக்கார்டை எடுக்கவிடாமல் மைக் செட்டே தடுத்தது!

மோனோ

60-களின் தட்டுகளில் பெரும்பாலானவை மோனோ, அதாவது இடது வலது என்று பிரிக்காத ஒரே ஒலி. எச்.எம்.வி. எல்.பி.யில் எண்ணின் முன்னெழுத்தே சொல்லிவிடும்: ஈ.சி.எல்.பி. என்றால் மோனோ, ஈ.சி.எஸ்.டி. என்றால் ஸ்டீரியோ. மோனோ தட்டில் பாட்டு முழுக்கக் காடியின் பக்கவாட்டு அசைவில் இருக்கிறது. மேலும் கீழுமான அசைவு எல்லாம் தூசி, தேய்மானம், மோட்டார் அதிர்வு. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் எடுத்துவிட்டு இரண்டு சேனலையும் கூட்டினால் அந்த மேல்கீழ் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். காசு செலவில்லாமல் கிடைக்கும் சுத்தம் இது. அதற்கு முன் இரண்டு சேனலையும் தனித்தனியாகக் கேட்டுவிட வேண்டும். இரண்டு சுவரும் ஒரே மாதிரி தேய்வதில்லை. ஒன்று மட்டும் நன்றாக இருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொள்வேன்.

எவ்வளவு துடைப்பது

தானியங்கி கீறல் நீக்கியைச் சினிமாப் பாட்டில் மிதமாக வைத்தால் பரவாயில்லை. நாதஸ்வரத் தட்டில் அது தவிலைக் கடித்துவிடுகிறது. வலது கை விரல்களில் மாட்டிய கூடு தோலில் விழும் ஒலி திடீரென்று ஏறி இறங்குவது, கணக்குப்படி பார்த்தால் கீறல் மாதிரியேதான் இருக்கிறது. தனி ஆவர்த்தனம் வரும் இடத்தில் தவில் பஞ்சில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. மிருதங்கத்தின் சாப்புக்கும் இதே கதி. எனவே அந்தத் தட்டுகளில் கையால்தான். ஆடாசிட்டியின் ரிப்பேர் கருவி ஒரு தடவைக்கு 128 சாம்பிள் (ஒலியை எண்ணாக்கிய புள்ளி) வரை ஒட்டுப்போடும். 96 கிலோஹெர்ட்ஸில் அது 1.3 மில்லி வினாடி. பெரிய வெட்டுகளை மட்டும் தேடிப்பிடித்துப் பூசுகிறேன், மற்றதை விட்டுவிடுகிறேன்.

இரைச்சல் நீக்கியில் எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. தட்டின் தொடக்கத்தில் பாட்டில்லாத இடத்தை மாதிரியாகக் கொடுத்தால், பாட்டு முழுக்க அந்த உஸ்ஸைக் கழிக்கும். ஆனால் தம்புராவின் மெல்லிய மேல் ஓசை அந்த உஸ் மட்டத்தில்தான் இருக்கிறது, சேர்ந்து போய்விடுகிறது. மிஞ்சுவது தண்ணீருக்கடியில் பாடுகிற மாதிரி ஒரு குரல். 6 டெசிபெலுக்கு மேல் போவதில்லை என்று வைத்திருக்கிறேன். பல தட்டுகளில் தொடுவதே இல்லை. என்ன செய்தாலும் பிரதியில்தான். முதலில் எடுத்த ஃபைல் அப்படியே இருக்கும்.

சுத்தம் செய்தது, செய்யாதது இரண்டையும் தம்பியின் குழாய் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தோம். அடி ஓசையும் இல்லாத, மேல் ஓசையும் இல்லாத அந்தக் குழாயில், தெருமுனையிலிருந்து கேட்டால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. "இதுக்கா ராத்திரி ராத்திரி உட்கார்ந்திருக்க?" என்றான்.

பெயர் போடுதல்

யாரும் எச்சரிக்காத வேலை இது. ஃப்ளாக் ஃபைலில் தமிழில் விவரம் எழுதுவதில் சிக்கலே இல்லை. ஆனால் ஒரே ஆளை லேபிளுக்கு லேபிள் வேறு வேறு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சுப்பிரமணியமா, சுப்ரமணியமா? ஒன்றை முடிவுசெய்து பட்டியல் வைத்துக்கொள்ளாவிட்டால் தேடும்போது பாதி கிடைக்காது. தட்டு எண், லேபிளுக்குப் பக்கத்து வெற்றிடத்தில் பொறித்த எண், பெரியப்பா நோட்டில் உள்ள நம்பர், மூன்றையும் சேர்க்கிறேன். லேபிள் இரண்டு பக்கமும் போட்டோ. தம்பிக்கு மட்டும் எம்.பி.3 ஆக, ஃபைல் பெயர் ஆங்கில எழுத்தில். அவன் ஆம்ப்ளிஃபயரின் சின்னத் திரை தமிழைக் கட்டம் கட்டமாகத்தான் காட்டுகிறது.

நெட்டில் ஏற்றலாமே என்று சிலர் கேட்கிறார்கள். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளிவந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. பாட்டுக்கும் இசைக்கும் அது தனி, எழுதியவர் காலத்துக்குப் பின் 60. இரண்டையும் கணக்குப் பார்த்துத் தட்டுத் தட்டாக முடிவுசெய்ய எனக்குப் பொறுமையில்லை. இப்போதைக்கு வீட்டோடு சரி.

மீதி

ஈ.பி.க்கள் பெரும்பகுதி முடிந்தன. துளை நடுவில் இல்லாத சில தட்டுகளை ஒதுக்கி வைத்திருக்கிறேன். சுற்றுக்கு ஒருமுறை சுருதி ஏறி இறங்குகிறது, நீண்ட கார்வையில் அப்பட்டமாகத் தெரிகிறது. இனி 78 கட்டு. அதன் காடி அகலம், எல்.பி. முள் அடியில் போய் உட்கார்ந்து குப்பையைத்தான் படிக்கும். 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) முள் ஆர்டர் போட்டிருக்கிறேன். வேகமும் ஒரு தலைவலி. 78 என்று எழுதியிருந்தாலும் எல்லாம் அதே வேகத்தில் பதிவானவை அல்ல. 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். பாடகரின் வழக்கமான கட்டையைத் தெரிந்தவரிடம் கேட்டு, சுருதிப் பெட்டியோடு ஒத்துப் பார்த்து வேகத்தை வைக்கலாம் என்றிருக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர் இருக்கிறார். முள் வந்ததும் முதல் நான்கு தட்டுகளை எடுத்து அவரிடம் போட்டுக்காட்டப் போகிறேன்.