எறிந்த பந்து வெளியே போனால் எத்தனை பேஸ்?

செங்கோட்டைப் பிள்ளைகளும் ஆரியங்காவு தாண்டி வரும் புனலூர்ப் பிள்ளைகளும் பேஸ்பால் ஆடினால், தமிழும் மலையாளமும் கலந்து சண்டை வருவது இதற்குத்தான். ஃபீல்டர் எறிந்த பந்து ஆட்ட எல்லைக்கு வெளியே போய்விட்டது. ரன்னருக்கு, அதாவது பேஸ் எனப்படும் நான்கு இடங்களைச் சுற்றி ஓடும் அடிக்கும் அணிக்காரருக்கு, இலவசமாக எத்தனை பேஸ்?

‘ஓடிக்கொண்டிருக்கும் பேஸ், அதற்கு மேல் ஒன்று’ என்கிறார்கள். விதியில் அப்படி இல்லவே இல்லை. இரண்டு பேஸ், அவ்வளவுதான். எந்தத் திசையில் ஓடுகிறார் என்பது கணக்கில் வராது. முதல் பேஸில் இருந்தவர் கொஞ்சம் விலகி, திரும்ப அங்கேயே ஓடிவரும்போது எறி தப்பி வெளியே போனாலும் அவருக்கு மூன்றாவது பேஸ் உண்டு.

எங்கிருந்து எண்ணுவது என்பதுதான் உண்மையான சிக்கல். அடித்த பந்தை எடுத்த இன்ஃபீல்டரின் (பேஸ்களை ஒட்டி நிற்கும் ஃபீல்டரின்) முதல் முயற்சியே அந்த எறி என்றால், பிட்சர் (பேட்டருக்குப் பந்து வீசுபவர்) பந்து வீசியபோது ரன்னர் இருந்த பேஸிலிருந்து. ஆனால் பேட்டர் உட்பட எல்லாரும் அதற்குள் ஒரு பேஸ் முன்னேறியிருந்தால், எறிந்தபோது இருந்த இடத்திலிருந்து. மற்ற எறிகளுக்கும் அப்படியே. பந்து கையை விட்ட நொடிதான் கணக்கு; எல்லையைத் தாண்டிய நொடி அல்ல. அம்பயராக நிற்பவர்கள் தயவுசெய்து அந்த நொடியில் ரன்னர்களை ஒரு பார்வை பாருங்கள்.

அப்புறம், பிட்சர், தான் நின்று வீசும் தட்டில் (தரையில் பதித்த பட்டையில்) கால் வைத்தபடியே எறிந்த பந்து நேராக வெளியே போனால் ஒரு பேஸ் மட்டும்தான்.