டிக்பி போகும் சாலையில் மோட் லூயிஸ்

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், ஹாலிஃபாக்ஸிலிருந்து டிக்பிக்கு 101ஆம் நெடுஞ்சாலையில் போனால் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். நான் அதைவிட்டு இறங்கி, முடிந்தவரை பழைய 1ஆம் எண் சாலையில் ஊர் ஊராகப் போனேன். நேரம் கூடத்தான் ஆனது. ஆனால் நாட்டுப்புற ஓவியர் மோட் லூயிஸின் படங்களை வாங்கியவர்கள் காரில் வந்தது இந்தச் சாலையில்தான். கோடை விடுமுறைக்கு நோவா ஸ்கோஷியா வந்தவர்கள், ‘படங்கள் விற்பனைக்கு’ என்ற பலகையைப் பார்த்து வண்டியை ஓரங்கட்டி, சின்ன வீட்டின் கதவைத் தட்டி, இரண்டு மூன்று டாலர் கொடுத்து ஒரு படத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மோட்டின் படங்களைச் சேகரித்த முதல் ஆட்கள் அவர்கள்தான்.

டிக்பி சின்னத் துறைமுக ஊர். ஸ்காலப் சிப்பிக்குப் பேர்போனது. ஃபண்டி வளைகுடாவின் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், உலகிலேயே பெரியது என்பதால், காலையில் துறைமேடைக்குச் சமமாக நின்ற படகை மதியம் குனிந்துதான் பார்க்க வேண்டும். வறுத்த ஸ்காலப் சாப்பிட்டுவிட்டு மார்ஷல்டவுனுக்குக் கிளம்பினேன். சில நிமிட ஓட்டம்தான்.

மோட் வாழ்ந்த வீடு இப்போது அங்கே இல்லை. அது நின்ற இடத்தில் வீட்டின் வடிவத்தை மட்டும் எஃகில் நிறுத்தியிருக்கிறார்கள். கட்டடக் கலைஞர் பிரையன் மக்கே-லயன்ஸ் 1997இல் செய்தது. வண்ணம் எதுவும் கிடையாது. உள்ளே வண்ணத்தைத் தவிர வேறெதுவும் இல்லாத வீட்டுக்கு இப்படி ஒரு நினைவுச் சின்னமா என்று முதலில் மனம் ஒப்பவில்லை. கொஞ்ச நேரம் நின்ற பிறகு சரி என்று பட்டது. வண்ணம் பூசியிருந்தால் அது அவருடையது மாதிரி ஒரு போலியாகத்தான் ஆகியிருக்கும். அவ்வளவு சின்ன வீடு என்பதும் அங்கே நின்றால்தான் உறைக்கிறது.

மோட் 1901இல் யார்மத் பக்கம் பிறந்தவர். சிறுவயதிலேயே முடக்குவாதம். விரல்கள் மடங்கிப்போய், தாடை மார்பைத் தொடும்படி கழுத்து குனிந்துவிட்டது. அம்மாவோடு சேர்ந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வரைந்து ஐந்து சென்டுக்கு விற்றிருக்கிறார். பெற்றோர் அடுத்தடுத்துப் போன பிறகு டிக்பியில் சித்தி வீட்டில் ஒண்டியிருந்தார். எவரெட் லூயிஸ் என்ற மீன் வியாபாரி வீட்டு வேலைக்கு ஆள் தேடுவது தெரிந்து, அவரிடம் போனார். 1938 ஜனவரியில் இருவருக்கும் கல்யாணம். அன்றிலிருந்து 1970இல் இறக்கும்வரை அந்த ஓரறை வீடுதான். ஏறக்குறைய 12 அடிக்கு 13 அடி. மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, மேலே படுக்க ஒரு பரண். மோட்டின் கை ஒத்துழைக்காததால் சமையலையும் வீட்டு வேலையையும் எவரெட்டே செய்தார். வேலைக்கு வந்தவர் ஜன்னலோரம் உட்கார்ந்து படம் வரைந்தார்.

அந்த வீட்டைப் பார்க்க மறுபடி ஹாலிஃபாக்ஸுக்குத்தான் வர வேண்டும். 1979இல் திருட வந்த ஒருவன் எவரெட்டைக் கொன்றான். அதன்பின் பூட்டிக் கிடந்த வீடு இற்றுப்போகத் தொடங்கியது. டிக்பி சுற்றுவட்டார மக்கள்தான் சங்கம் அமைத்து, அதைக் காப்பாற்றக் கிளம்பினார்கள். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெரிய நகரத்தின் கலை நிபுணர்கள் வந்து கண்டுபிடிக்கும்வரை அந்த ஊர் காத்திருக்கவில்லை. 1984இல் மாகாண அரசு வீட்டை வாங்கி நோவா ஸ்கோஷியா கலைக்கூடத்திடம் ஒப்படைத்தது. பழுது பார்த்து, முழு வீட்டையும் கலைக்கூடத்துக்குள்ளேயே நிறுத்திவிட்டார்கள்.

உள்ளே நுழைய விடமாட்டார்கள். வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம், அது போதும். கதவில் பறவைகள், பூக்கள், பட்டாம்பூச்சிகள். ஜன்னல் கண்ணாடியில் டியூலிப். சுவர்த்தாளில் பூ, மாடிப்படியில் பூ, ரொட்டிப் பெட்டியில் பூ, குப்பை அள்ளும் தகரத்தில்கூடப் பூ. கரி படிந்த இரும்பு அடுப்பையும் விட்டுவைக்கவில்லை. கை எட்டிய இடமெல்லாம் வரைந்திருக்கிறார். பொங்கலுக்கு வெள்ளையடித்துக் காவிப்பட்டை இழுத்தாலே வீடு புதுசாகிவிடும் நமக்கு. இங்கே அந்த ஒருநாள் உற்சாகம் முப்பது வருஷம் ஓயாமல் நடந்திருக்கிறது. அவர் செய்ததிலேயே பெரிய படைப்பு இந்த வீடு என்பது என் எண்ணம். இதை யாரும் ஏலத்தில் எடுத்துக்கொண்டு போக முடியாது என்பதில் எனக்கு நிம்மதி.

அடுத்து சுவரில் மாட்டியிருக்கும் படங்கள். நான் அதிக நேரம் நின்றது உழவு மாட்டு ஜோடியின் முன்னால். இந்தப் பக்கத்தில் நுகத்தடி கழுத்தில் ஏறாது. கொம்புக்குப் பின்னால் தலையோடு சேர்த்து வாரால் கட்டுவார்கள். நம்மூர் ஏர்மாட்டைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது விநோதமாகத் தெரியும். மோட் அந்த நுகத்தை அலங்காரத்தோடு வரைந்து, மாடுகளுக்கு நீள நீளமான இமைமுடியும் வைத்துவிட்டார். இரண்டும் நேராக நம்மைப் பார்க்கின்றன. கிட்டப் போனால் வண்ணத்தைக் குழைக்காமல் அப்படியே வைத்திருப்பது தெரியும். படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டையும் விட்டதில்லை. வண்ணம் வைத்துக்கொள்ளக் காலி மத்தி மீன் டப்பா. பலகை பெரும்பாலும் கையகலம், ஏனென்றால் கை அதற்குமேல் நகராது. எதற்கும் நிழல் கிடையாது. பனி கொட்டிக் கிடக்கும் நிலத்தில் மரம் இலையுதிர்காலச் சிவப்போடு நிற்கும். தப்பு என்று சொல்லத் தோன்றவே இல்லை.

1964இல் டொரோன்டோவின் ‘ஸ்டார் வீக்லி’ வார இதழில் கட்டுரை வந்தது, அடுத்த வருஷம் கனடாவின் சிபிசி தொலைக்காட்சியில் வந்தார். அப்புறம் ஆர்டர் குவிந்தது. நிக்சன் காலத்து வெள்ளை மாளிகையிலிருந்தும் இரண்டு படம் கேட்டார்கள். அப்போதும் ஒரு படம் ஏழு டாலரிலிருந்து பத்து டாலர்தான்.

இன்றைய விலை எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒன்டாரியோவில் ஓர் உணவக உரிமையாளர், ஜான் கினியர் என்ற ஓவியர் சாப்பிடும் சீஸ் சாண்ட்விச்சுக்குப் பணத்துக்குப் பதில் படம் வாங்கிக்கொள்வார். மோட்டுக்கு வரைபொருள் அனுப்பி உதவிய கினியர், ஒருநாள் மோட்டின் படங்களைக் கொண்டுவந்து காட்ட, கறுப்பு டிரக் படத்தை உணவக உரிமையாளர் எடுத்துக்கொண்டார். 2022இல் அது 3,50,000 கனடா டாலருக்கு ஏலம் போனது. அதற்கு முன் பழைய சாமான் கடையில் கிடைத்த இன்னொரு படம் 2017இல் 45,000 டாலர். விலை ஏற ஏறப் போலிகளும் வந்துவிட்டன.

டிக்பியில் காபிக் கடையில் பக்கத்து மேஜை அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். “எங்க வீட்லயும் ஒண்ணு இருந்தது. அம்மா அஞ்சு டாலருக்கு வாங்கினாங்க. அடுப்புக்கு மேலேயே மாட்டியிருந்தோம், புகை பட்டு மஞ்சளாயிடுச்சு” என்றார். இப்போது எங்கே என்று கேட்டேன். அண்ணன் எடுத்துக்கொண்டு போய் பேங்க் லாக்கரில் வைத்துவிட்டாராம். எனக்கு அதைக் கேட்டு மனசு ஆறவில்லை. சமையலறைக்காகவே பிறந்த படங்கள் அவை. சாப்பிடும்போது நிமிர்ந்து பார்த்தால் கண்ணில் பட வேண்டியவை.

என்னால் வாங்க முடிந்ததை நான் சேர்க்கிறேன். கலைக்கூடக் கடையின் அச்சுப் படங்கள், அஞ்சலட்டைகள். மாட்டு ஜோடியின் அச்சுப் படம் எங்கள் வீட்டில் கேஸ் அடுப்புக்கு எதிரே மாட்டியிருக்கிறது. தாளிக்கும்போது எண்ணெய் தெறித்தால் துடைத்துவிடுவேன். எனக்கு ரொம்பப் பிடித்தவை 2019 கிறிஸ்துமஸுக்கு கனடா அஞ்சல் துறை வெளியிட்ட மூன்று தபால்தலைகள். ஐந்து சென்ட் வாழ்த்து அட்டையில் தொடங்கியவரின் பனிச்சறுக்கு வண்டியும் மாடுகளும் கடைசியில் எல்லோருடைய வாழ்த்து உறையிலும் ஏறிவிட்டன. ஒரு தொகுதியை ஆல்பத்தில் வைத்துவிட்டு, மீதியை ஊருக்குப் போடும் கடிதங்களில் ஒட்டித் தீர்த்தேன்.

பார்க்காமல் விட்டது ஒன்று உண்டு. 1940களின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்கக் குடும்பம் தங்கள் கோடை வீட்டுக்கு ஜன்னலை மூடும் 22 பலகைகளை மோட்டிடம் வரையக் கொடுத்தது. ஒன்றுக்கு 70 சென்ட் கூலி. பல பலகைகள் ஐந்தடி உயரம். அந்தக் கையை வைத்துக்கொண்டு ஐந்தடியை எப்படி நிரப்பினார் என்று நேரில் பார்க்க வேண்டும். அவை எங்காவது காட்சிக்கு வரும் செய்தி தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள், கிளம்பிவிடுவேன்.